டிடிஆர் பிடித்துவிட்டார்: 265 ரூபாயோடு முடியுமா, கோர்ட் வரை போகுமா?

இந்த மாதம் சேனலுக்கு வந்த கேள்விகளில் ஒன்று இன்கம் டாக்ஸ் பற்றியும் இல்லை, மியூச்சுவல் ஃபண்ட் பற்றியும் இல்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து லோக்கல் ட்ரெயின் பிடித்து எழும்பூருக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி எழுதியிருந்தார். சீசன் டிக்கெட் முந்தின நாளோடு முடிந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை. எழும்பூரில் இறங்கிப் படியேறும் இடத்தில் செக்கிங். பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினார், ரசீதும் கொடுத்தார்கள். இப்போது அவருடைய கேள்வி: "அண்ணா, அடுத்த மாசம் வேற கம்பெனியில ஜாயின் பண்றேன். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இது வருமா? பாஸ்போர்ட்ல பிரச்சினை ஆகுமா? சிபில் ஸ்கோர் குறையுமா?"

சிபில் குறையாது. பேங்க்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் அனுப்பும் கடன் விவரம்தான் அங்கே போகும், ரயில்வே ரசீது போகாது. மற்ற இரண்டு கேள்விக்கும் பதில், அவர் கட்டிய பணம் ரயில்வே சட்டத்தின் எந்தப் பிரிவில் போடப்பட்டது என்பதில் இருக்கிறது. 137-ஆ, 138-ஆ? இந்த ஒரு எண்ணுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியாததால்தான் பலர் அந்த அஞ்சு நிமிஷத்தில் தேவையில்லாமல் சண்டை போடுகிறார்கள், இல்லையென்றால் தேவையில்லாமல் எதிலாவது கையெழுத்துப் போடுகிறார்கள்.

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. கோர்ட் வரை போய்விட்ட விஷயத்துக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் முடிய வேண்டிய விஷயம் எப்படி முடியும் என்று சொல்ல, சட்டத்தைப் படித்தாலே போதும்.

இரண்டு பிரிவு, இரண்டு கணக்கு

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் பிரிவு 55, டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறக்கூடாது என்கிறது. பிரிவு 54, அதிகாரம் உள்ள ஊழியர் கேட்டால் பயணத்தின்போதோ முடிவிலோ டிக்கெட்டைக் காட்ட வேண்டும் என்கிறது. இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இரண்டு பாதை.

பிரிவு 138-ல் உங்கள் எண்ணம் என்ன என்ற கேள்வியே கிடையாது. டிக்கெட் இல்லை, அல்லது கேட்ட உடனே காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். பயணம் செய்த தூரத்துக்கான கட்டணம், அதோடு கூடுதல் கட்டணம். கூடுதல் கட்டணம் என்பது அந்த டிக்கெட் விலை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு சாதாரண லோக்கலில் 15 ரூபாய். ஆக 15 + 250 = 265. கட்டினால் ரசீது, கதை முடிந்தது. இதில் குற்றம், தண்டனை என்று எதுவும் இல்லை. பேச்சுவழக்கில் "ஃபைன்" என்கிறோம், சட்டம் அதை அப்படிச் சொல்லவில்லை.

பிரிவு 137 வேறு. "ரயில்வேயை ஏமாற்றும் நோக்கத்தோடு" டிக்கெட் இல்லாமல் போனால், அல்லது ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட்டை மறுபடி பயன்படுத்தினால், அது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறப்புக் காரணம் எதுவும் இல்லையென்றால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இதைக் கட்டச் சொல்வது டிடிஆர் இல்லை, மாஜிஸ்திரேட். பெரிய சோதனைகளில் மாஜிஸ்திரேட்டே ஸ்டேஷனுக்கு வருவதும் உண்டு. அங்கே "ஒப்புக்கிறேன்" என்று சொல்லி அபராதம் கட்டினால், தொகை சின்னதாக இருந்தாலும் அது கோர்ட் கொடுத்த தண்டனை.

நம்ம தம்பியின் ரசீதில் இருந்தது கட்டணமும் 250 ரூபாய் கூடுதல் கட்டணமும் மட்டும்தான். கோர்ட் வாசலையே அவர் பார்க்கவில்லை. எனவே புது கம்பெனியின் படிவத்தில் "நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்று எழுதுவது உண்மையான பதில்தான். பாஸ்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

137-ல் கேஸ் ஆகியிருந்தால்? பாஸ்போர்ட் சட்டத்தில் தண்டனைக்காக மறுப்பது என்பது ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 வருஷமாவது சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கு. 500 ரூபாய் அபராதம் அதில் வராது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது: இந்தியாவில் ஏதாவது கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். பலர் மாட்டுவது இங்கேதான். சம்மன் வந்ததை "சின்ன கேஸ்தானே, பாத்துக்கலாம்" என்று அலமாரியில் போட்டுவிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆன்சைட் வாய்ப்பு வரும்போது அந்தக் கேஸ் அப்படியே நிற்கும். முடிந்துபோன 1,000 ரூபாய் அபராதத்தைவிட, முடியாமல் கிடக்கும் கேஸ்தான் விலை அதிகம்.

அந்த அஞ்சு நிமிஷம்

செக்கிங்கில் நிற்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கதை கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. உங்க கதை உண்மையாகவே இருந்தாலும் நீளமாகச் சொன்னால் கதையாகத்தான் கேட்கும். சுருக்கமாகச் சொல்லுங்க: "சார், சீசன் நேத்தோட முடிஞ்சிருக்கு, நான் கவனிக்கல. எக்ஸஸ் ஃபேர் கட்டிடறேன், ரசீது போட்டுக் கொடுங்க." இந்த ஒரு வரியில் என்ன நடந்தது, ஏமாற்றும் எண்ணம் இல்லை, பணம் கட்டத் தயார், ரசீது வேண்டும் என்ற நாலும் வந்துவிடுகிறது. பழைய சீசன் டிக்கெட்டையும் காட்டுங்க. நேற்று வரை மாசாமாசம் பணம் கட்டியவர் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓடாதீங்க. கூட்டத்தில் நழுவப் பார்த்தாலே "எண்ணம்" என்ற கேள்விக்கு நீங்களே பதில் கொடுத்த மாதிரி. கையைத் தட்டிவிடுவது, தள்ளுவது, வழிமறிப்பது எல்லாம் பிரிவு 146-க்குப் போகும், அதாவது ஊழியரின் பணிக்கு இடையூறு. அதற்கும் 6 மாதம் வரை சிறை உண்டு. 265 ரூபாய் விஷயத்தை இந்த அளவுக்கு வளர்த்துவிடுபவர்கள் பெரும்பாலும் தப்பு செய்தவர்கள் இல்லை, கோபப்பட்டவர்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்க. ஒன்று, கேட்பவரின் பெயர்ப் பட்டையும் அடையாள அட்டையும். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள், கேட்பது உங்க உரிமை. இரண்டு, யுபிஐ-யில் கட்டினால் திரையில் வரும் பெயர். தனிநபர் பெயர் வந்தால் அந்த க்யூஆரில் பணம் போடாதீங்க. ரசீது இல்லாமல் "நூறு ரூபா குடுத்துட்டுப் போ தம்பி" என்று யாராவது சொன்னால் அது சலுகை இல்லை. அடுத்த ஸ்டேஷனில் இன்னொருவர் பிடித்தால் உங்க கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

ரசீது கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்க. தேதி, எங்கிருந்து எங்கே, எந்த வகுப்பு, கட்டணம் எவ்வளவு, கூடுதல் எவ்வளவு, காரணம் என்ன. தனியாக ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீங்க. "வேண்டுமென்றே டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தேன்" என்று எழுதியிருந்தால், உண்மையில் நடந்ததை உங்க கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்க.

கட்ட மறுத்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்க. 138-லேயே வழி இருக்கிறது: அந்தத் தொகையை வசூலிக்க மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், அதையும் கட்டவில்லையென்றால் 10 நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை. அதனால் என் கருத்து, உங்க பக்கம் நியாயம் இருந்தாலும் முதலில் கட்டிவிடுங்க, பிறகு திரும்பக் கேளுங்க. எப்படி என்று கீழே சொல்றேன்.

நம்ம லைனில் வழக்கமாக மாட்டும் இடங்கள்

போன் சார்ஜ் தீர்ந்துபோவது. ரயில்ஒன், சென்னை ஒன் என்று எந்த ஆப்பில் எடுத்தாலும் டிக்கெட் ஆப்புக்குள் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சட்டத்தின் வார்த்தை "கேட்ட உடனே". அதனால் போன் அணைந்திருந்தால் அவர் 265 கேட்பது சட்டப்படி சரிதான். ஆனால் அது 138 மட்டுமே. பேங்க் எஸ்எம்எஸ், பரிவர்த்தனை நேரம் எல்லாம் நீங்கள் ஏறும் முன்பே பணம் கட்டியதைக் காட்டும்போது, ஏமாற்றும் நோக்கம் எங்கே இருக்கிறது? இதை அங்கேயே சொல்லுங்க. சீசனை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் இதே நிலைமைதான்.

டிடிஆரைப் பார்த்தபிறகு டிக்கெட் எடுப்பது இதற்கு நேர் எதிர். டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கும். 8:10-க்குச் செங்கல்பட்டில் கிளம்பிய வண்டியில் 8:41-க்கு எடுத்த டிக்கெட்டைக் காட்டினால், நீங்கள் தப்பிக்கவில்லை, சாட்சியை உருவாக்கிக் கொடுக்கிறீர்கள்.

ஏசி லோக்கல். 2025 ஏப்ரல் 19 முதல் செங்கல்பட்டு – கடற்கரை இடையே ஓடுகிறது. கடற்கரை வரை சாதாரண டிக்கெட் 15 ரூபாய், ஏசி-யில் 105. காலையில் ஓடிவந்து, நிற்கிற வண்டியில் ஏறிவிடுவோம், கதவு தானாக மூடிக்கொள்ளும், பிறகுதான் குளிர் அடிப்பது தெரியும். சாதாரண சீசனோடு ஏசி-யில் போவது, முதல் வகுப்புப் பெட்டியில் போவது, இரண்டுமே 138-ன் இரண்டாம் உட்பிரிவு. கட்டண வித்தியாசமும், குறைந்தது 250 கூடுதலும். தவறி ஏறிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுங்க. வண்டிக்குள் பரிசோதகர் இருந்தால் அவர் உங்களிடம் வரும் முன் நீங்கள் அவரிடம் போங்க. பிரிவு 55-ல், டிக்கெட் இல்லாதவர் முன்கூட்டியே அனுமதி கேட்டு அதற்கான சான்று வாங்கிக்கொண்டால், பிறகு கட்டணம் மட்டும் கட்டினால் போதும், 250 கிடையாது. இது கேட்டுப் பெற வேண்டிய விஷயம், எல்லா நேரமும் கிடைக்கும் என்று நினைத்து ஏறாதீங்க.

தூங்கிப்போய் ஸ்டேஷன் தாண்டுவதும் இதே உட்பிரிவுதான். பரனூர் வரை டிக்கெட், கண் விழித்தால் செங்கல்பட்டு. ஒரே ஒரு ஸ்டேஷன் என்றாலும் சட்டத்தில் அதற்குத் தனிக் கணக்கு இல்லை.

அப்புறம், எங்கே ஏறினீர்கள் என்ற தகராறு. ஏறிய ஸ்டேஷன் சந்தேகமாக இருந்தால் வண்டி கிளம்பிய இடத்திலிருந்து கட்டணம் போடலாம், நடுவில் ஏற்கெனவே பரிசோதனை நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்து. திருமால்பூரிலிருந்து வரும் வண்டியில் செங்கல்பட்டில் ஏறியவருக்கு லோக்கலில் சில ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் தென்மாவட்டத்திலிருந்து வரும் எக்ஸ்பிரஸில் தாம்பரம் போக ஏறியவருக்கு இது ஆயிரத்தைத் தொடலாம், ஏனென்றால் கூடுதல் கட்டணமும் அந்தக் கட்டணத்துக்குச் சமமாக ஏறும். மாமல்லபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் செங்கல்பட்டு வரை எடுத்த பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீங்க. ஸ்டேஷன் பைக் ஸ்டாண்ட் டோக்கனும் அப்படித்தான். இரண்டிலும் நேரம் இருக்கிறது.

நியாயம் உங்க பக்கம் என்றால்

டிக்கெட் சரியாக இருந்தும் கட்டவைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணமாக, 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட்டில் 3 மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் ரயிலில் பயணத்தைத் தொடங்கலாம். இதைத் தவறாகக் கணக்கிட்டு டிக்கெட் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டும்போதே "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று சொல்லுங்க, எழுத இடம் இருந்தால் எழுதுங்க. அன்று மாலையே ரயில்மதத் தளத்தில், அல்லது 139-ல் புகார் பதிந்து எண் வாங்குங்க. பிறகு தெற்கு ரயில்வே, சென்னை கோட்டம், முதுநிலை கோட்ட வணிக மேலாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம். இப்படி எழுதலாம்:

"இந்தத் தேதியில், இந்த நேரத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து புறப்பட்ட ரயிலில் பயணம் செய்தேன். என் டிக்கெட் இந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, எண் இது. இந்த ஸ்டேஷனில் பரிசோதனையின்போது டிக்கெட் செல்லாது என்று கூறி 265 ரூபாய் பெறப்பட்டது, ரசீது எண் இது. ஆட்சேபத்துடன் செலுத்தினேன். டிக்கெட் செல்லுபடியாகும் என்பதற்கான ஆதாரங்களை இணைத்துள்ளேன். தொகையைத் திரும்ப வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அவர் எப்படிப் பேசினார், உங்களுக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதையெல்லாம் இதில் சேர்க்க வேண்டாம். தரக்குறைவாகப் பேசியது தனிப் புகார், இரண்டையும் கலந்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். பதில் வராமல் போய், தொகையைவிட விஷயம் பெரியது என்று தோன்றினால், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

137-ல் கோர்ட்டில் நிறுத்தினால், எண்ணம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. "சீக்கிரம் முடியணும், ஆபீஸுக்கு லேட்" என்பதற்காகச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீங்க. வக்கீலிடம் பேச நேரம் கேளுங்க. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அந்த உதவி கிடைக்கும். அவசரமாக முடிக்கும் நடைமுறை எப்படி எல்லாம் போகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்க. டிக்கெட் கேஸ்களை, பயணி இல்லாமலே ஒரு நீதிபதி தனியாக முடித்துவிடும் முறையில் ரயில் கம்பெனிகள் நடத்தின. அவர்களுடைய 1889-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கேஸ்களை அப்படி நடத்த அனுமதியே இல்லை என்று 2024 ஆகஸ்டில் லண்டன் கோர்ட் சொன்னது. சுமார் 74,000 கேஸ்கள் ரத்தாகும் நிலை வந்தது. அதில் எத்தனை பேர் எதிர்க்காமல் பணம் கட்டிவிட்டு மறந்திருப்பார்கள்!

பணக் கணக்கு

15 ரூபாய் மிச்சம் பிடித்து 265 கட்டுவது என்றால், 17 பயணத்தில் ஒரு தடவை மாட்டினாலே நஷ்டம். இதே தூரத்துக்கு மாத சீசன் 300 ரூபாய்க்குள் இருக்கிறது. மாதம் 22 நாள் போய்வர தினம் டிக்கெட் எடுத்தால் 660. சீசன் முடிவதற்கு மூன்று நாள் முன்பு போனில் ரிமைண்டர் வைப்பதைவிட லாபமான முதலீட்டு ஆலோசனை இந்த மாதம் என்னிடம் இல்லை.

நண்பரின் சீசனில் போவது வேண்டவே வேண்டாம். சீசனைக் கொடுத்தவருக்கும் பிரிவு 142-ல் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, சீசனும் பறிபோகும்.

இன்னொரு கணக்கு யாரும் போடுவதில்லை. ரயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2017 முதல் இருக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவதும் இதில் வரும். ஆனால் அது முறையான பயணிக்கு. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக்கூடாது என்று 2018-ல் ரீனா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் முறையான பயணிதான் என்று முதலில் பிரமாணப் பத்திரம் போட்டுச் சொல்ல வேண்டியது குடும்பம். கூட்ட நேரத்தில் படியில் நின்று போகிறவர்கள், சீசன் எண்ணையும் முடியும் தேதியையும் வீட்டு வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோவாகப் போட்டு வையுங்க.

"அந்த 250-ஐ ஆபீஸ் டிராவல் கிளெய்மில் போடலாமா சார்?" என்றும் ஒருவர் கேட்டார். லோக்கல் கன்வேயன்ஸ் என்று பெயர் மாற்றிப் போட்டால் அது பொய் கிளெய்ம். ரயில்வேயில் 138-ல் முடிந்த விஷயத்தை எச்ஆரில் புதிதாகத் தொடங்காதீங்க.

பஸ்ஸில்

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் ரயில் இல்லை, பஸ்தான். அங்கே ரயில்வே சட்டம் வராது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். டிக்கெட் இல்லாமல் போனால் பிரிவு 178-ல் 500 ரூபாய் வரை அபராதம். ஏறியபிறகு டிக்கெட் வாங்கலாம், ஆனால் "கூடிய சீக்கிரம்" வாங்க வேண்டும் என்று பிரிவு 124 சொல்கிறது. ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கண்டக்டர் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பார், நடுவில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவார். அப்போது "கண்டக்டர் வரல" என்பதைவிட, "கோவளத்துல ஏறினேன், காச கையில வெச்சிருக்கேன், முன்னாடி பாஸ் பண்ணச் சொல்லிக் குடுத்தேன், திரும்பி வந்துடுச்சு" என்று நடந்ததைச் சொல்லுங்க. பக்கத்தில் நின்றவரையும் சொல்லச் சொல்லுங்க.

காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தராவிட்டாலோ, குறைந்த தொகைக்குத் தந்தாலோ, அதே 178-ல் கண்டக்டருக்கும் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. யுபிஐ-யில் கட்டியிருந்தால் நேரத்தோடு ஆதாரம் உங்க போனிலேயே இருக்கும். டிக்கெட்டை வாங்கியதும் ஏறிய இடமும் இறங்கும் இடமும் சரியா என்று பாருங்க, ஸ்டேஜ் தாண்டிவிட்டால் அதுவும் கேள்விதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான், அங்கேயும் கண்டக்டர் கொடுக்கும் அந்தச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். டீலக்ஸிலும் ஏசி பஸ்ஸிலும் அது கிடையாது. ஏறும் முன் போர்டைப் பாருங்க, சந்தேகம் என்றால் படியில் கால் வைக்கும்போதே "அண்ணா, இது ஃப்ரீ பஸ்ஸா?" என்று கேட்டுவிடுங்க.